கிலுகிலுப்பை விரியன்: சொல்லும் இனமும்

அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ‘ராட்டில்ஸ்நேக்’ பாம்புகளைத் தமிழில் பெரும்பாலோர் கிலுகிலுப்பைப் பாம்பு என்று எழுதுகின்றனர். அது பிழையன்று. ஆயினும் இவை விரியன் குடும்பத்தைச் சேர்ந்தவை; கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் இடையே வெப்பத்தை உணரும் குழியுடையவை; நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மூங்கில் குழிவிரியன் அடங்கும் துணைக்குடும்பமே இவற்றுக்கும் உரியது. ஆகவே ‘கிலுகிலுப்பை விரியன்’ என்பதே செப்பமான பெயர்.

இவற்றுள் பெரும்பாலான இனங்கள் அடங்கும் பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு) சுவீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயசு 1758இல் இட்ட பெயர் குரோட்டலசு. கைத்தாளம் போன்ற ஓசைக்கருவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. சணப்பை உள்ளடக்கிய குரோட்டலேரியா என்னும் செடிப் பேரினத்தின் பெயருக்கும் அதுவே வேர்; காய்ந்த நெற்றுக்குள் விதை குலுங்கும் அச்செடிகள் சிலவற்றைத் தமிழரும் கிலுகிலுப்பை என்றே அழைத்து வருவது ஓர் இனிய ஒற்றுமை.

பெயருக்குக் காரணமான வால் உறுப்பு, நம் நகத்தில் உள்ள கெரட்டினால் ஆன, ஒன்றுக்குள் ஒன்று தளர்வாகக் கோத்த வளையங்களின் அடுக்கு. தோலுரிக்குந்தோறும் ஒரு வளையம் கூடும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலும் தோல் உரியக்கூடும், நுனி வளையங்கள் ஒடிந்தும் விழும் என்பதால், வளையங்களை எண்ணி வயது சொல்வது வெறும் கதை. கலிபோர்னியா வளைகுடாவின் சாந்தா கேட்டலினா தீவில் வாழும் இனத்துக்கு ஒலிக்கும் கிலுகிலுப்பையே இல்லை. எனினும் அதுவும் குரோட்டலசுதான்.

இனங்காண்பதற்கு நிறம் இன்னும் நம்பத்தகாதது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைகளில் வாழும் புள்ளிக் கிலுகிலுப்பை விரியன், வெளிர்ப் பாறைப் பகுதிகளில் வெளிறியும், மொஹாவி பாலையின் எரிமலைக் கரும்பாறைகளில் கறுத்தும் காணப்படுகிறது. கிழக்கு அமெரிக்காவின் காட்டுக் கிலுகிலுப்பை விரியன் வடக்கே மஞ்சளாகவும் கறுப்பாகவும் இருக்க, தெற்கின் தாழ்நிலங்களில் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு உடலும் முதுகு நெடுகத் துருநிறக் கோடும் கொண்டிருக்கும். இத்தென்வடிவம் முன்பு தனித் துணையினமாக எண்ணப்பட்டது.

ஆகவே வகைப்பாட்டாளர் முதலில் பார்ப்பது செதில்களை. உச்சந்தலையில் ஒன்பது பெருந்தகடுகள் இருந்தால் அது சிறிய பேரினமான சிசுட்ரூரசு. குரோட்டலசின் உச்சந்தலையிலோ பெரும்பாலும் சிறுசெதில்களே நிறைந்திருக்கும். எளிதில் குழப்பும் இணை, மேற்கு வைரமுதுகு விரியனும் மொஹாவி விரியனும். முன்னதன் வாலில் கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் ஏறத்தாழ ஒரே அகலமுடையவை. பின்னதில் வெள்ளைப் பட்டைகள் அகன்றவை, கண்களுக்கு மேலுள்ள இரு புருவச் செதில்களுக்கு நடுவே இரண்டு மூன்று பெரிய செதில்களே இருக்கும். (இச்சோதனை படத்தில் செய்யத் தக்கது, உயிருள்ள பாம்பின் தலைக்கு அருகே குனிந்து செய்யத் தக்கதன்று.)

செதிலுக்கும் எல்லை உண்டு. மேற்கு அமெரிக்கா முழுதும் பரவிய விரியன்களை நெடுங்காலம் விரிடிசு என்னும் ஓரினத்துள் அடக்கியிருந்தனர். 2000ஐ ஒட்டி வெளிவந்த மரபணு ஆய்வுகள் சமவெளி வடிவத்தையும் மேற்கத்திய வடிவங்களையும் வேறாக்கின. மொஹாவி விரியனிலோ, பல கூட்டங்களின் நஞ்சு நரம்பைத் தாக்க, நடு அரிசோனாவின் சில கூட்டங்களில் நரம்பைத் தாக்கும் அந்த நச்சுப்புரதம் இல்லை. வாலையும் செதிலையும் எவ்வளவு நோக்கினாலும் அவ்வேறுபாடு தெரியாது.