ஒரே கேம், வீட்டில் இரண்டு பேர்: சாவி எங்கே இருக்கிறது?

அக்கா ஒரு கேமை வாங்கி டவுன்லோட் செய்து வைத்திருக்கிறாள். ஹாலில் இருக்கும் கன்சோலில் தம்பி அதை விளையாடிக்கொண்டிருக்கிறான். உள்ளறையில் இன்னொரு கன்சோலில் அக்கா அதே கேமைத் திறக்கிறாள். சில வீடுகளில் இரண்டும் ஒன்றாக ஓடும். சில வீடுகளில் தம்பியின் ஆட்டம் பாதியில் நின்று, இந்த அக்கவுண்ட் வேறு இடத்தில் பயன்படுத்தப்படுகிறது என்று திரையில் செய்தி வரும். அப்புறம் வீட்டில் சண்டை. வாங்கியது ஒரே பிரதிதான், கன்சோல்களும் அதேதான். ஏன் இந்த வித்தியாசம்?

கேம் வேறு, அதைத் திறக்கும் சாவி வேறு. கேம் பதிந்த சின்னப் பெட்டியைக் கன்சோலில் செருகி விளையாடிய கார்ட்ரிட்ஜ் காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. கார்ட்ரிட்ஜ் யார் கையில் இருக்கிறதோ அவர் விளையாடுவார், அவ்வளவுதான். சிடி வந்ததும் சிக்கல் வந்தது, ஏனென்றால் சிடியை நகலெடுப்பது சுலபம். 1994-இல் வந்த சோனியின் முதல் பிளேஸ்டேஷன் கன்சோல் இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தது. அதன் சிடிகளின் தொடக்கப் பகுதியில், லேசர் பின்தொடரும் தடம் சீராகச் சுற்றாமல் மிக நுண்ணிய அளவில் நெளியும். அந்த நெளிவில் நான்கு ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருந்தன: ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. லேசர் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும்போதே கன்சோல் அந்த எழுத்துகளைப் படித்துவிடும். வீட்டில் எழுதும் காலி சிடியில் தடம் தொழிற்சாலையிலேயே போடப்பட்டுவிட்டது, சிடி ரைட்டரால் அதை மாற்ற முடியாது. ஆகவே நகலில் கேமின் ஒவ்வொரு பைட்டும் இருந்தாலும் கன்சோல் அதை ஏற்காது. கேமை விட்டுச் சாவி பிரிந்தது அங்கேதான் என்று எனக்குத் தோன்றும்.

2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரு கன்சோல்களிலும் டிஸ்க்கில் இருக்கும் கேம் ஹார்டு டிஸ்க்குக்கு வந்துவிடும். அதன்பின் டிஸ்க்கைப் போடச் சொல்வது, அது உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

டவுன்லோட் கேமில் அந்த டிஸ்க்கும் இல்லை. பூட்டிய கேம் ஒரு பெரிய கோப்பு, கூடவே உரிமம் என்ற ஒரு சின்னக் கோப்பு. எந்த கேம், எந்த அக்கவுண்ட், எந்தக் கருவி, எதுவரை செல்லும் என்பதெல்லாம் அந்த உரிமத்தில் இருக்கும். கீழே நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து. கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி நிறுவனத்திடம் மட்டும் இருக்கும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி ஒவ்வொரு கன்சோலிலும் உண்டு. உரிமத்தில் ஒரே ஓர் எண்ணை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது. கோப்பை அப்படியே நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோனால், அங்கே இருக்கும் கருவி வேறு என்பதால் செல்லாது.

சரி, அக்கா தம்பி விஷயத்துக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் ஒரே பிரதிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று கருவி வழியாக. வாங்கியவர் ஒரு கன்சோலைத் தன் வீட்டுக் கன்சோல் என்று குறித்துவிட்டால், அதில் யார் தங்கள் சொந்த அக்கவுண்டில் நுழைந்தாலும் கேம் திறக்கும், இன்டர்நெட் இல்லாவிட்டாலும். மற்றொன்று அக்கவுண்ட் வழியாக. வாங்கியவர் வேறு எந்தக் கன்சோலில் நுழைந்தாலும், நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுவிட்டு அவருக்கு கேம் திறக்கும்.

அக்கா தன் வீட்டுக் கன்சோலாகக் குறிக்க வேண்டியது தம்பி விளையாடும் ஹால் கன்சோலை. அவன் தன் அக்கவுண்டில் கருவி வாசல் வழியாகப் போவான், இவள் உள்ளறையில் அக்கவுண்ட் வாசல் வழியாகப் போவாள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். பெரும்பாலோர் தான் விளையாடும் கன்சோலையே குறித்துவிட்டு, தம்பிக்கு பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது இருவரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கிறார்கள். சரியாகக் குறித்தாலும் ஒரு விலை உண்டு: இன்டர்நெட் போனால் அக்காவின் கேம் நிற்கும், தம்பியுடையது நிற்காது.

எக்ஸ்பாக்ஸில் வீட்டுக் கன்சோலை ஆண்டுக்கு 5 முறைதான் மாற்றலாம். இது வெறும் கெடுபிடி அல்ல. இன்டர்நெட் இல்லாமல் ஓடும் கன்சோலில் என்ன நடக்கிறது என்று சர்வருக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் குறி எத்தனை முறை மாறியது என்பதுதான், எனவே கட்டுப்பாட்டை அங்கே வைக்கிறார்கள்.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் வேறு வழியில் போனது. 2013-இல் தொடங்கிய அதன் குடும்பப் பகிர்வில், உரிமையாளர் ஏதாவது ஒரு கேமைத் திறந்தாலே அவருடைய மொத்தத் தொகுப்பும் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். ஒருவர் ஒரு புத்தகத்தை எடுத்ததற்காக நூலகத்தையே சாத்துவது போல. 2024-இல் வந்த ஸ்டீம் ஃபேமிலீஸ் இதைச் சரிசெய்தது. 6 பேர் வரை சேரலாம், ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கேம் விளையாடலாம். ஒரே கேமை இருவர் ஒரே நேரத்தில் விளையாட வேண்டுமென்றால்தான் குடும்பத்தில் இரண்டு பிரதி வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனமாக நினைவில் வையுங்கள்: உங்கள் பிரதியில் விளையாடும் தம்பி ஏமாற்று நிரல் பயன்படுத்தித் தடை வாங்கினால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது நிண்டெண்டோ 2025-இல் தன் ஸ்விட்ச் கன்சோலில் கொண்டுவந்த மெய்நிகர் கேம் கார்டு. டவுன்லோட் கேமையும் ஒரு கார்ட்ரிட்ஜ் போலவே நடத்துகிறார்கள். திரையில் அந்தக் கார்டை உங்கள் கன்சோலிலிருந்து எடுத்துக் குடும்பத்தில் ஒருவருக்கு இரவல் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரண்டு கன்சோலும் அருகருகே இருக்க வேண்டும். கொடுத்தபின் உங்களிடம் கேம் திறக்காது. 14 நாள் முடிந்ததும் கார்டு தானாகவே உங்களிடம் வந்துவிடும். தம்பி எந்தக் கட்டம் வரை முடித்தான் என்ற சேவ் மட்டும் அவனுடைய கன்சோலிலேயே இருக்கும், அடுத்த முறை இரவல் வாங்கும்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வான்.