நாடோடி அல்ல, உலாப்பணியர்

போன வாரம் ஒரு விசா விளம்பரம் பிழைதிருத்தத்துக்கு வந்தது. முதல் வரியே ‘டிஜிட்டல் நாடோடிகளே, வருக!’ அதற்கு முந்தைய நாள் ஒரு காணொளியில் ‘எண்ணிம நாடோடி’. அதற்கும் முன்னால் ஒரு நாளிதழில் ‘இணைய நாடோடி’. மூன்றும் ‘டிஜிட்டல் நோமாட்’ என்ற ஆங்கிலத் தொடரின் பெயர்ப்புதான்: ஊர் ஊராகத் தங்கி இணையவழி வேலை பார்ப்பவர். முன்னொட்டு மட்டும்தான் மாறுகிறது, நாடோடி அப்படியே இருக்கிறார். எத்தனை தடவைதான் இதை அடித்துத் திருத்துவது?

அந்த ‘நோமாட்’ என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘நொமாஸ்’ என்றால் மேய்ச்சல் தேடி மந்தையோடு இடம் மாறுகிறவர். மேய்த்தல், பங்கிடுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘நோமாட்’ ஆனது. ஜப்பானியப் பொறியாளர் சுகியோ மாகிமோட்டோவும் டேவிட் மேனர்ஸும் 1997இல் தங்கள் நூலுக்கு ‘டிஜிட்டல் நோமாட்’ என்று பெயர் வைத்தார்கள். மடிக்கணினியோடு ஊர் ஊராகத் தங்கி வேலை பார்ப்பவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மேய்ச்சல் தேடிப் போகிறவர் தமிழருக்குப் புதியவரா? இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்ததும் ஆட்டு மந்தையோடு தஞ்சைப் பக்கம் போவார்கள். வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுக்கு மேய்ச்சல், நிலத்துக்கு எரு, கீதாரிக்கு நெல்லோ பணமோ. எந்த மாதம் எந்த ஊர், யார் வயலில் எத்தனை இரவு என்பதெல்லாம் கணக்கு. கிரேக்கர் நொமாஸ் என்றது இப்படிப்பட்டவரைத்தான். அவரை நாம் ‘நாடோடி’ என்று கூப்பிடுவதில்லை, ‘கீதாரி’ என்கிறோம். பெயரிலேயே அவருடைய தொழில் இருக்கிறது.

சங்க காலத்து உமணரும் அப்படித்தான். கடற்கரை உப்பை வண்டியில் ஏற்றி, குடும்பத்தோடு உள்நாட்டுக்குப் போனவர்கள். வழியில் மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஔவையார் அதைச் ‘சேம அச்சு’ என்று புறநானூற்றில் பாடுகிறார் (102). பாணர், கூத்தர், பொருநர் எல்லாரும் வழியிலேயே வாழ்ந்தவர்கள். ஒருவரைக்கூடத் தமிழ் அலைச்சலை வைத்து அழைக்கவில்லை. என்ன செய்தார்கள் என்பதை வைத்தே அழைத்தது.

பிறகு ‘நாடோடி’ யாருக்கு வைத்த பெயர்? அவருடைய தொழில் என்னவென்று தெரியாதவர், தெரிந்துகொள்ள விரும்பாதவர் வைத்த பெயர் அது. நாடு, ஓடி. ஓடிப்போனவன், ஓடுகாலி என்ற சொற்களில் இருக்கும் அதே ஓட்டம். ‘நாடோடிப் பாடல்’ என்பதில் அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல பொருள் இருந்தது: நாடெங்கும் மக்கள் வாயில் ஓடுவது. அதையும் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மாற்றிக்கொண்டோம். மிச்சம் இருப்பது வீடு வாசல் இல்லாதவன் என்ற பொருள்தான்.

இதைச் சொல்வளம் பற்றிய வாதமாக மட்டும் நான் பார்க்கவில்லை. சென்னை மாகாணத்தில் மாட்டின்மேல் உப்பும் தானியமும் ஏற்றி உள்ளூர்களுக்குக் கொண்டுபோனவர்கள் குறவர்கள். ரயில் வந்தது, அரசின் உப்புக் கொள்கை வந்தது, அவர்கள் வணிகம் நொடித்தது. தொழில் போன பிறகு அதிகாரிகளின் கண்ணுக்கு அலைச்சல் மட்டும்தான் தெரிந்தது. 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் இங்கும் வந்தபோது, உமணரின் வேலையைச் செய்தவர்கள் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவானார்கள். அந்தச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது 1952இல்தான். ‘நாடோடிகள்’ என்ற சொல்லை, அந்தச் சமூகத்திலிருந்து வந்து முகவரிச் சான்றுக்காக அலுவலகத்தில் காத்து நிற்கும் ஒருவர் எப்படிக் கேட்பார் என்று இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு வசையாக இருப்பதை, வசதியோடு ஊர் பார்க்கப் போகிறவருக்கு அலங்காரமாகச் சூட்டுகிறோம்.

பொருளும் பொருந்தவில்லை. தாய்லாந்து 2024இல் கொண்டுவந்த விசா 5 ஆண்டு செல்லும்; ஒருமுறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம்; 5 லட்சம் பாட் இருப்புக் காட்ட வேண்டும். 2020இல் பார்படோஸும் எஸ்டோனியாவும் தொடங்கியவையும் வருமானத்தைக் கேட்பவையே. எந்த நாட்டுத் தூதரகம் நாடோடியிடம் வங்கிக் கணக்கு கேட்கும்? தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் நகரில் தங்கி வேலை பார்ப்பவர்கள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயற்காட்டுப் புகை சூழும்போது தீவுகளுக்கோ வியட்நாமுக்கோ நகர்கிறார்கள். பருவம் பார்த்து நகர்வதில் கீதாரியின் கணக்கு இருக்கிறது. இலக்கில்லாத ஓட்டம் எங்கே இருக்கிறது?

மலேசியாவைப் பாருங்கள். 2022இல் இதே வகைத் திட்டத்தைத் தொடங்கியபோது அவர்கள் ‘நோமாட்’ என்பதை மலாயில் பெயர்த்துக்கொண்டிருக்கவில்லை. ‘ரந்தாவ்’ என்ற தங்கள் சொல்லையே திட்டத்தின் பெயரில் வைத்தார்கள். இந்தோனேசியாவில் மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் இன இளைஞர்கள் பிழைப்பும் அனுபவமும் தேடி ஊர்விட்டுப் போவதற்கு, அதே சொல்லிலிருந்து வந்த ‘மெரந்தாவ்’ என்று பெயர். அங்கே அது பெருமை. நமக்கு அப்படித் தேடிப் பார்க்கப் பொறுமை இல்லை.

மற்ற சொற்களையும் எடைபோட்டுப் பார்த்தேன். ‘பரதேசி’ திட்டாகிவிட்டது. ‘ஊர்சுற்றி’ வேலை வெட்டி இல்லாதவன். ‘அலைகுடி’ இனவரைவியலில் நல்ல சொல், ஆனால் அது ஒரு குடியைக் குறிக்கும். ‘புலம்பெயர் பணியாளர்’ என்றால் திருப்பூருக்கு வேலை தேடி வந்த வடமாநிலத் தொழிலாளிதான் நினைவுக்கு வருவார்.

என் தங்கை மகன் இரண்டு ஆண்டாக இப்படித்தான் இருக்கிறான். ‘பையன் என்ன பண்றான்?’ என்று உறவினர் கேட்டால் தங்கை சொல்வாள்: ‘ஊர் ஊராப் போயி லேப்டாப்புல வேலை பாக்குறான்.’ இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. அதில் ஊர் இருக்கிறது, போவது இருக்கிறது, வேலை இருக்கிறது. ஆங்கிலத் தொடரில் வேலைக்கு இடமே இல்லை. அதை அப்படியே பெயர்த்ததால்தான் தமிழிலும் வேலை காணாமல் போனது.

நான் எழுதுவது ‘உலாப்பணியர்’. வாழ்முறைக்கு ‘உலாப்பணி’. உலா என்பது விரும்பிப் போகும் போக்கு. துரத்தப்பட்ட ஓட்டமோ பஞ்சம் பிழைக்கப் போவதோ அல்ல. ‘சுற்றுலா’ எல்லார் வாயிலும் இருப்பதால் சொல் அந்நியமாக ஒலிக்காது. சுற்றுலா விசாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் ‘பணி’ காட்டிவிடும். வலை உலாவிக்கும் உறவாக இருப்பதால் ‘டிஜிட்டல்’ என்ற முன்னொட்டை விட்டுவிடலாம். அதற்குத் தமிழ் மின்னிலக்கமா எண்ணிமமா இலக்கவியலா என்ற சண்டையும் தேவைப்படாது. ‘உலா என்றதும் சாமி புறப்பாடுதான் தோன்றுகிறது’ என்றார் நண்பர் ஒருவர். தோன்றட்டும். சாமியும் ஊர் சுற்றிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்புகிறது.

அந்த விளம்பரத்தில் ‘நாடோடி விசா’ வந்த இடமெல்லாம் ‘உலாப்பணி விசா’ என்று திருத்தினேன். முதல் இடத்தில் மட்டும், ‘ஊர் ஊராகத் தங்கி இணையவழி வேலை பார்ப்பவர்களுக்கான விசா’ என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் ‘வாசகருக்குப் புரியாது’ என்ற குறிப்போடு நாடோடி திரும்பி வந்தார். அந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டிருந்தார்கள். மறுபடியும் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.