வந்தவழி: ‘ப்ராவெனன்ஸ்’ என்னும் சொல்லும் போர்க்காலக் குடும்பக் கடிதங்களும்

பழைய கடிதக் கட்டு ஒன்றை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுபவை மூன்று. இது யாரிடம் இருந்தது? அவர் கைக்கு எப்படி வந்தது? எவற்றோடு சேர்ந்து கிடந்தது? இந்த மூன்றுக்குமான விடையைத்தான் ‘ப்ராவெனன்ஸ்’ என்ற ஒரே சொல்லில் அடக்குகிறார்கள். ஹிட்லர் ஆட்சியில் நாடு நாடாகச் சிதறிய யூதக் குடும்பங்களின் கடிதங்களைப் பாதுகாப்பவர்களுக்கு இந்தச் சொல் அன்றாடப் புழக்கம். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்பதற்கு முன், அந்தச் சொல் எதையெல்லாம் சுமக்கிறது என்று பார்ப்போம்.

பிரெஞ்சில் ‘ப்ரொவெனீர்’ என்றால் ஓரிடத்திலிருந்து வருதல். அதற்கும் முந்தியது லத்தீன்: ‘ப்ரோ’ என்பது முன்னோக்கி, ‘வெனீரே’ என்பது வருதல். ஆங்கிலத்துக்குள் இது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நுழைந்தது. ஓவியச் சந்தையில், இந்தப் படம் எந்தெந்தக் கைகளைக் கடந்து வந்தது என்ற பட்டியலுக்குப் பெயராக நிலைத்தது. போலிப் படமா என்று பிடிக்க உதவும் பட்டியல் அது. விலையும் அதைப் பொறுத்தே ஏறும், இறங்கும்.

காப்பகத்தார் இந்தக் கருத்தை எடுத்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. பிரான்சில் ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் வழக்கம் இருந்தது. ஒரு மடத்தின் கணக்கேட்டில் பாதி ‘நிலம்’ என்ற பெட்டிக்கும் மீதி ‘வரி’ என்ற பெட்டிக்கும் போய்விடும். பிறகு அந்த மடம் எப்படி நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கு முடிவுகட்ட 1841 ஏப்ரல் 24 அன்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன் பின்னால் இருந்தவர் பிரெஞ்சு ஆவணக் காப்பாளர் நத்தாலிஸ் த வெய்லி. ஒரு நிறுவனத்திடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ தனியாளிடமிருந்தோ வந்தவை அனைத்தும் ஒரே தொகுதியாக இருக்க வேண்டும், மற்றவற்றோடு கலக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1881-இல் பெர்லினில் இருந்த பிரஷ்ய அரசு ஆவணக் காப்பகம் இன்னொரு படி ஏறி, தொகுதிக்குள் இருந்த வரிசையையும் கலைக்கக் கூடாது என்றது. 1898-இல் வெளிவந்த டச்சுக் கையேடு இரண்டையும் விதிகளாக்கிப் பரப்பியது. ஜெர்மனில் இதே சொல் ‘ப்ரோவெனியென்ஸ்’. நாஜிகள் பறித்த கலைப்பொருட்களைத் தேடிக் கண்டறிவது தொடர்பாக 1998-இல் வாஷிங்டனில் 44 நாடுகள் ஏற்ற கொள்கைகளுக்குப் பிறகு, ஜெர்மனியில் செய்தித்தாள் படிப்பவர்களுக்கும் பழகிப்போன சொல் அது.

ஆகவே சொல்லுக்குள் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன: சேர்ந்து வந்ததைப் பிரிக்காதே, இருந்த அடுக்கைக் கலைக்காதே.

அகதிக் குடும்பங்களின் கடிதங்களில் முதல் கட்டளை எதிர்பாராத ஒரு விளைவைத் தரும். 1938 டிசம்பருக்கும் 1939 செப்டம்பருக்கும் இடையில் ஏறக்குறைய 10,000 குழந்தைகள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள், ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ ரயில்களில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். வியன்னாவிலிருந்து தாய் எழுதிய கடிதங்கள் குழந்தையின் பெட்டியில் தங்கின. குழந்தை எழுதிய பதில்கள் தாயோடு போய்விட்டன; பெரும்பாலும் அவை இன்று இல்லை. அதனால் இத்தகைய கட்டுகள் ஒருபக்கப் பேச்சாகவே நமக்குக் கிடைக்கின்றன. எழுதியவர் தாயாக இருந்தாலும், கட்டு உருவானது குழந்தையின் கையில். தொகுதிக்குப் பெயரிடும்போது சேர்த்து வைத்தவர் பெயரையே இட வேண்டும். எழுதியவர் பெயர் அடுத்த வரியில் வரட்டும். தாயின் பெயரைத் தலைப்பாக்கினால், அவருடைய தாள்களே தப்பிவந்தன என்ற பொய்த் தோற்றம் எழும்.

உறைகளில்தான் வழி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைத்தான் மக்கள் முதலில் தூக்கி எறிகிறார்கள், அல்லது தபால்தலைக்காகத் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள்! 1939 செப்டம்பர் 3-க்குப் பின் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நேரடித் தபால் நின்றது. அதற்குப் பிந்திய தேதியில் பெர்லினிலிருந்து லண்டனுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றால், நடுவில் ஒரு வழி இருந்தே தீர வேண்டும். சூரிச்சில் இருந்த உறவினர் தன் உறைக்குள் போட்டு அனுப்பியிருக்கலாம். 1940 மே வரை ஆம்ஸ்டர்டாம் வழியாக வந்திருக்கலாம். தாமஸ் குக் என்ற பயண நிறுவனம் நடத்திய ஏற்பாடும் உண்டு. அதில் பதில்கள் ‘தபால் பெட்டி 506, லிஸ்பன்’ என்ற முகவரிக்கு வரும். இது தெரியாத பட்டியலாளர், அந்தக் குடும்பம் போர்ச்சுகலில் வாழ்ந்தது என்று எழுதிவைத்துவிடுவார். முகவரி வேறு, வசிப்பிடம் வேறு. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டங்கள் பட்டியலில் இருப்பது நல்லது.

தணிக்கை ஒட்டுத்தாளும் அப்படியே. ஜெர்மன் ராணுவத் தலைமையின் தணிக்கை முத்திரைகளில் ஓர் எழுத்து இருக்கும்: ‘பி’ என்றால் பெர்லின், ‘சி’ கோலோன், ‘டி’ மியூனிக், ‘ஈ’ ஃபிராங்க்ஃபர்ட், ‘ஜி’ வியன்னா. பிரிட்டிஷ் ஒட்டில் பிரித்துப் பார்த்தவரின் எண் இருக்கும். ஓர் உறையில் இரண்டு ஒட்டுகளும் இருந்தால் இரு தரப்பும் அதைப் படித்திருக்கின்றன. ஒட்டை உரிக்க வேண்டாம். உறையோடு அது ஒரே பொருள்.

பெயரும் ஏமாற்றும். 1938 ஆகஸ்ட் 17 ஆணைப்படி, யூதர் என்று அரசு பட்டியலிட்ட பெயர்கள் இல்லாத யூதர்கள், 1939 ஜனவரி 1 முதல், ஆணானால் ‘இஸ்ரயேல்’, பெண்ணானால் ‘சாரா’ என்று கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அனுப்புநர் முகவரியில் அந்தப் பெயரைக் கண்டு அதையே சொந்தப் பெயராகப் பதிந்தால், திணிக்கப்பட்ட பெயரை நாம் மறுபடி திணித்ததாகிவிடும். உறையில் உள்ளபடி படியெடுங்கள். பெயர் அட்டவணையில் மட்டும் அதை நீக்கிப் பதியுங்கள். ஊர்ப் பெயருக்கும் இதே எச்சரிக்கை: போலந்தின் லோட்ஸ் நகரம் 1940 ஏப்ரலில் ‘லிட்ஸ்மன்ஷ்டாட்’ ஆக்கப்பட்டது. முதலில் கடிதத்தில் உள்ள வடிவம், பக்கத்தில் இன்றைய பெயர்.

செஞ்சிலுவைச் சங்கப் படிவம் தனி வகை. குடும்பச் செய்தி மட்டும், மிஞ்சினால் 25 சொற்கள். பதில் அதே தாளின் பின்பக்கம். ஜெனீவா வழியாகப் போய்த் திரும்ப மாதங்கள் ஆகும் என்பதால் ஒரே தாளில் இரண்டு ஊர், இரண்டு ஆள், இரண்டு தேதி. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. எண் ஒன்றே இடுங்கள். தேதி இரண்டையும் பதியுங்கள்.

1940 அக்டோபரில் ஜெர்மனியின் பாடன், பலாட்டினேட் பகுதிகளிலிருந்து சுமார் 6,500 யூதர்கள் தெற்கு பிரான்சின் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து வந்த கடிதங்களின் அனுப்புநர் முகவரியில் ‘இலோ’ என்ற சொல்லும் ஓர் எழுத்தும் இருக்கும். முகாமின் எந்தப் பகுதி என்பதற்கான அடையாளம் அது. அடுத்தடுத்த கடிதங்களில் அந்த எழுத்து மாறுவதைத் தொடர்ந்தால் ஒருவர் முகாமுக்குள் எங்கெங்கே மாற்றப்பட்டார் என்பது தெரிய வரும்.

கறையும் ஒரு சான்று என்பதற்கு வார்சாவின் ரிங்கல்பிளம் காப்பகத்தை எடுத்துக்கொள்ளலாம். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவுக்குள் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கல்பிளமும் தோழர்களும் திரட்டியவற்றில் கடிதங்களும் உண்டு. முதல் பகுதி 1942 ஆகஸ்டில் நோவோலிப்கி தெரு 68-ஆம் எண் கட்டடத்தின் அடியில் 10 தகரப் பெட்டிகளில் புதைக்கப்பட்டது. 1946 செப்டம்பர் 18 அன்று தோண்டி எடுத்தபோது உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. இரண்டாம் பகுதி 2 பால் கேன்களில் இருந்தது. 1950 டிசம்பர் 1 அன்று, முதலாவதைவிட நல்ல நிலையில் கிடைத்தது. ஆக, ஒரு தாளில் நீர்க்கறை எவ்வளவு என்பதே அது எந்தக் கலத்தில் இருந்தது என்று பேசும். கறையை ‘சுத்தம்’ செய்யப் புறப்படுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனிக் கைவேலை. கட்டை அவிழ்ப்பதற்கு முன், பக்கத்தில் அளவுகோல் வைத்து, மேலிருந்தும் நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். பெட்டி, டப்பா, சுற்றிய துணி, மேலே எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் தனியாகப் படம் பிடியுங்கள். இறுகி ஒட்டிப்போன ரப்பர் பேண்டை இழுக்காமல், துண்டு துண்டாகத் தூக்கி எடுங்கள். துருப்பிடித்த கிளிப்பைக் கழற்றினால், எந்தத் தாள்களை அது பிணைத்திருந்தது என்று எழுதிவைத்த பிறகே கழற்றுங்கள்.

எண் இடும் முறை இப்படி இருக்கலாம்: 02_014_01_2. இரண்டாம் கட்டு, 14-ஆம் உருப்படி, முதல் தாள், இரண்டாம் பக்கம். உறைக்கு எப்போதும் தாள் எண் 00. மெல்லிய ஏர்மெயில் தாளில் பென்சில் அழுத்தம் மறுபக்கம் தெரியும். அங்கே மடிப்பு அட்டையில் மட்டும் எண் எழுதுங்கள். மற்றவற்றில் 2பி பென்சிலால், பின்பக்க மூலையில், சிறிதாக. பேனா, ஒட்டுச்சீட்டு, செல்லோடேப் மூன்றும் ஆகாது.

ஒரு கடிதம் வேறொரு உறைக்குள் இருந்தால், ‘சரியான’ உறைக்கு மாற்றத் தோன்றும். மாற்றாதீர்கள். அது அந்த உறைக்குள் இணைப்பாக அனுப்பப்பட்டதாக இருக்கலாம். பெற்றவர் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருக்கலாம். 14-ஆம் உறைக்குள் கிடைத்தது என்று பதிந்தால் போதும். தேதியில்லாத கடிதத்துக்கு உறை முத்திரையிலிருந்து தேதி கொடுத்தால் சதுர அடைப்புக்குள் கொடுங்கள். 3.9.41 என்றால் ஐரோப்பிய வழக்கில் செப்டம்பர் 3. அமெரிக்கக் கண்ணுக்கு அது மார்ச் 9 ஆகிவிடும். அதனால் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். தேதிவாரியான வரிசை தேவைப்பட்டால் கணினிப் பட்டியலில் அடுக்கிக்கொள்ளலாம். தாள்களை இடம் மாற்றத் தேவையில்லை.

ஊதா நிறத்தில் எழுத்து தெரிந்தால் ஜாக்கிரதை. அது காப்பியிங் பென்சில். அதிலுள்ள அனிலின் சாயம் ஈரம் பட்டவுடன் பரவும், திரும்பாது. சுருங்கிய தாளை நீராவியில் காட்டி நிமிர்த்துவது இத்தகைய கடிதத்தை ஒரே நிமிடத்தில் அழித்துவிடும். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. அமிலமற்ற மடிப்பு அட்டை, பார்வைக்கு வைப்பவற்றுக்குப் பாலியெஸ்டர் உறை போதும். பிவிசி உறை கூடாது. ஸ்கேனுக்கு 400 முதல் 600 டிபிஐ, வண்ணத்தில், டிஃப் வடிவில், வெற்றுப் பக்கத்தையும் விடாமல்.

படிப்பது இன்னொரு சிக்கல். மூத்தவர்கள் ‘குரெண்ட்’ என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையிலும், 1915-க்குப் பின் பிரஷ்யப் பள்ளிகளில் படித்த சிலர் ‘சூட்டர்லின்’ எழுத்திலும் எழுதியிருப்பார்கள். இன்றைய ஜெர்மானியரில் பலருக்கே இவை படிக்க வராது. டிரான்ஸ்கிரிபஸ் போன்ற மென்பொருள் முதல் வரைவு தரும். ஆள் சரிபார்த்தே ஆக வேண்டும். பெயர்களைத் திருத்தும் ஆசையை அடக்குங்கள். போலந்திலிருந்து வந்த கடிதங்களில் ‘கெருஷ்’, ‘மாவெத்’ போன்ற எபிரேயச் சொற்களை ஆள் பெயர்போல நுழைத்து எழுதுவதுண்டு. முதலாவது வெளியேற்றம், இரண்டாவது மரணம். தணிக்கையைக் கடக்க வந்த விருந்தாளிகள் இவர்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மூலம்’ என்றால் மூலப் பிரதியா, ஆதாரமா என்று குழப்பம்; நட்சத்திரமும் நோயும் வேறு குறுக்கே வரும். ‘பூர்விகம்’ பிறந்த இடத்தோடு நின்றுவிடும்; இடையில் கடந்த கைகள் அதில் இல்லை. ‘தோற்றுவாய்’க்கும் அதே குறை. ‘உடைமை வரலாறு’ ஓவியத்துக்குப் பொருந்தும், கடிதத்துக்கு முழுதாகப் பொருந்தாது. தாள் பெற்றவரின் வாரிசுக்கு; எழுத்தின் பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுக்கு. கடிதத்தை வெறுமனே பத்திரமாக வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் உடைமையாளரே அல்லர், ஆனாலும் அவர் வழியில் இருக்கிறார்.

நிலம் வாங்குகிற தமிழருக்குத் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் ஏன் கேட்கப்படுகின்றன என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கைமாற்றத் தொடரைக் கடிதத்துக்குச் சொல்ல ‘வந்தவழி’ என்ற ஒற்றைச் சொல்லே போதும். லத்தீன் வேரிலுள்ள வருதலும் அதில் இருக்கிறது, நடுவழியும் இருக்கிறது. கூட்டுச்சொற்களும் இயல்பாக அமைகின்றன: வந்தவழி நெறி, வந்தவழி ஆய்வு, வந்தவழிக் குறிப்பு. ‘வழிவந்த’ என்று புரட்டினால் பரம்பரை என்ற பொருள் வந்துவிடும். சேர்த்தே, இந்த வரிசையில் எழுதுங்கள். உள்வரிசை பற்றிய இரண்டாவது கட்டளைக்கு ‘இருந்த அடுக்கு’ என்கலாம்.

வந்தவழிக் குறிப்புக்கு மாதிரி ஒன்று: “வியன்னாவிலிருந்து பெற்றோர் எழுதியவை, 1939–1941. பெற்றவர் மகள், லீட்ஸ். ஷூப் பெட்டியில், நாடாவால் கட்டி, பெற்ற வரிசையில் வைத்திருந்தார். 1946 முதல் 1980 வரை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பின் மூத்த மகனிடம். அவர் 3 உறைகளிலிருந்து தபால்தலைகளை வெட்டி எடுத்தார்.” தெரியாத ஆண்டுகளைத் தெரியவில்லை என்று எழுதுவதும், வெட்டியவரை மறைக்காமல் எழுதுவதும் குறிப்பின் பகுதியே. பிள்ளைகள் கட்டைப் பங்கு போட்டு ஒரு பகுதி ஹைஃபாவுக்கும் ஒரு பகுதி புவனஸ் ஐரிசுக்கும் போவதாக இருந்தால், பிரியும் முன் முழுதும் எண்ணிட்டு ஸ்கேன் செய்து, ஒரே எண் பட்டியலை எல்லோரும் வைத்துக்கொள்ளட்டும். இத்தகைய ஆவணங்களைப் பாதுகாக்கும் நியூயார்க்கின் லியோ பேக் நிறுவனத்துக்கோ ஜெருசலேமின் யாத் வஷேமுக்கோ லண்டனின் வீனர் நூலகத்துக்கோ பின்னால் எந்தப் பங்கு போய்ச் சேர்ந்தாலும், அந்தப் பட்டியலின் நகலும் கூடவே போக வேண்டும்.