ஆயிரம் லிட்டர் தண்ணீரை மாடிக்கு ஏற்ற எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

தரைக்கு அடியில் சம்ப், மொட்டைமாடியில் 1000 லிட்டர் தொட்டி. சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் குழாய் வாய் வரை 10 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேலே போன தண்ணீரில் சேர்ந்திருக்கும் ஈர்ப்பு நிலையாற்றல், அதாவது உயரத்தால் சேரும் ஆற்றல், எவ்வளவு?

கணக்கு எளிது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும். 1000 கிலோ × 9.8 × 10 மீட்டர் = 98,000 ஜூல். குழாய் நேராக ஏறினாலும் நாலு வளைவு வளைந்து ஏறினாலும் இந்த விடை மாறாது. உயர வித்தியாசம் மட்டும்தான் கணக்கு. அதை எங்கிருந்து அளப்பது என்பது நம் இஷ்டம். தெருமட்டத்திலிருந்து அளந்தால் வேறு எண் வரும், அதுவும் தப்பில்லை. ஆனால் மோட்டாருக்கான வேலையை அறிய சம்பிலிருந்துதான் அளக்க வேண்டும்.

98,000 ஜூல் என்றதும் பெரிதாகத் தெரியும். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல். அப்படியானால் இது 0.027 யூனிட்! ஒரு டன் தண்ணீரை மாடிக்கு ஏற்றிச் சேர்த்த ஆற்றல், 5000 எம்ஏஎச் செல்போன் பேட்டரி ஒன்றரையில் அடங்கிவிடும். மோட்டார் இதைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கிறதே என்றால், மிச்சமெல்லாம் மோட்டார் சூட்டிலும் பம்புக்குள் சுழலும் நீரிலும் குழாய் உராய்விலும் போகிறது. குழாய் வாயிலிருந்து காலித் தொட்டிக்குள் தண்ணீர் சடசடவென்று விழும்போது, ஏற்றிய உயரத்திலும் கொஞ்சம் வீண்.

சரி, இதே 1000 லிட்டரில் ஒரு முழு யூனிட்டைச் சேமிக்க எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்? 36 லட்சத்தை 9,800-ஆல் வகுத்தால் சுமார் 367 மீட்டர். மாடிவீடு போதாது, மலை வேண்டும்.

கோவை மாவட்டம் ஆனைமலையில் உள்ள காடம்பாறை நீரேற்று மின்நிலையம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே இருக்கும் ‘மேல் ஆழியாறு’ அணையின் நீரை உயரத்திலுள்ள காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள். தேவை கூடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். இடைப்பட்ட உயரம் 300 மீட்டருக்கும் மேல். தலா 100 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள். அதில் ஒன்று முழுத்திறனில் ஓட, நம் மொட்டைமாடித் தொட்டியைப் போல நொடிக்கு ஏறக்குறைய 30 தொட்டித் தண்ணீர் இறங்க வேண்டும்.