மூன்று மாதமாக வலிக்கும் முழங்கையை இன்னும் நீவிக்கொண்டிருக்காதீர்கள்

போன வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். வயது 22. காவலர் தேர்வுக்குத் தயாராகிறார். காலையில் மைதானம், மாலையில் ஜிம். வலது முழங்கையின் உள்பக்கம் மூன்று மாதமாக வலி. மேசையில் இருந்த தண்ணீர் ஜக்கைத் தூக்கச் சொன்னேன். இடது கையை நீட்டினார். "வலது கையால தூக்குங்க தம்பி" என்றதும், கூட வந்திருந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கிருஷ்ணகிரியில் பிசியோதெரபி பார்க்கிறேன். இந்த மாதம் இதே கதையோடு வந்தவர்களில் இவர் ஐந்தாவது. ஓசூரில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக ஜிம்முக்குப் போகிறவர், கிரானைட் பட்டறையில் நாள் முழுக்க பாலிஷ் மெஷின் பிடித்துவிட்டு மாலையில் பார் தூக்குகிறவர், எல்லாரும் இதில் உண்டு. எல்லாரும் வருவது மிகத் தாமதமாக. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று தம்பியிடம் கேட்டேன். மருந்துக்கடையில் வலி மாத்திரை, வாரம் இரண்டு தடவை எண்ணெய் போட்டு நீவல், முழங்கையில் ஒரு எலாஸ்டிக் பட்டை. ஜிம்மை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. "ஆசிட் தேங்கியிருக்கு, நீவி விட்டா இறங்கிடும்னு ஜிம் மாஸ்டர் சொன்னார் சார்."

இந்த ஆசிட் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சரி, ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். கடுமையாகத் தூக்கும்போது தசையில் லாக்டேட் கூடுவது உண்மை; ஜிம்மில் ஆசிட் என்று சொல்வது இதைத்தான். பயிற்சியை நிறுத்தினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். இதயம் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், மற்ற தசைகள் எடுத்துக்கொள்ளும், கல்லீரல் அதைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். நீங்கள் ஜிம்மிலிருந்து பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் கணக்கு முடிந்துவிடுகிறது. மறுநாள் வருகிற வலிக்கே அது காரணமில்லை. மூன்று மாத வலிக்கு எப்படிக் காரணமாகும்? தேங்காத ஒன்றை எங்கிருந்து நீவி இறக்குவது? நீவினால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த இதத்தை நம்பி அன்று மாலையே மறுபடி பார் தூக்குகிறீர்களே, கெடுதல் அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று: அடிபட்டு வீங்கிய தசையைப் பலமாக அழுத்தித் தேய்த்தால், அதற்குள் எலும்பு படியும் நிலைகூட வரலாம்.

புதுப் பயிற்சிக்கு மறுநாள் வருகிற வலி வேறு. அது 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். தசை முழுக்கப் பரவி வலிக்கும். அதற்கு வைத்தியம் தேவையில்லை. எலும்பை ஒட்டி, ஒரே விரலால் "இங்கதான் சார்" என்று தொட்டுக் காட்ட முடிகிற வலி, வாரக்கணக்கில் போகாத வலி, பெரும்பாலும் தசைநாணில், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாணில் வருவது. தசை சில வாரத்தில் பலமாகிவிடும். தசைநாண் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். கை தயாராகிவிட்டது என்று நினைத்துப் பத்து கிலோவிலிருந்து பதினைந்துக்குத் தாவுகிறீர்கள். நாண் இன்னும் பத்திலேயே நிற்கிறது. தம்பிக்கு அதே வாரத்தில்தான் கயிறு ஏறும் பயிற்சியும் தொடங்கியிருக்கிறது.

அவருடைய அம்மா அதுவரை பேசாமல் இருந்தவர், தன் கையையும் நீட்டினார். "எனக்கும் இங்க வலிக்குது சார், புளி தட்டுற நாள்ல ஆரம்பிச்சது." அவருக்கு முழங்கையின் வெளிப்பக்கம். நாள் முழுக்க இறுக்கிப் பிடித்த சுத்தியல். மகனுக்கு ஜிம் காயம், அம்மாவுக்கு வயசு வலி என்று அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வகைதான்: தாங்கும் அளவைத் தாண்டி வேலை வாங்கிய நாண்.

இதற்குக் கையைக் கட்டிப்போட்டு மாதக்கணக்கில் சும்மா இருக்கவும் வேண்டாம். முழு ஓய்வில் நாண் இன்னும் பலவீனமாகும். சுமையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். செய்யும்போது வலி பத்துக்கு மூன்று அளவுக்குள் இருந்து, மறுநாள் காலை கூடாமல் இருந்தால் அந்த எடை சரி. கூடினால் எடை அதிகம், அவ்வளவுதான். முதலில் எடையை அசைக்காமல் 30 முதல் 45 விநாடி பிடித்து நிற்பது, அப்புறம் மூன்று நான்கு விநாடி எடுத்து மெதுவாக இறக்குவது. வாரம் மூன்று நாள். குறைந்தது 12 வாரம். "பன்னிரண்டு வாரமா!" என்று முகம் சுளிக்காதீர்கள், தப்பாகச் செய்ததில் ஏற்கெனவே அத்தனை வாரம் போய்விட்டது. மணிக்கட்டைப் பூட்டிவிடும் நேரான பாரைக் கொஞ்ச நாள் வைத்துவிட்டு, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி டம்பெல் பிடியுங்கள்.

மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்குப் போகவே போகாதீர்கள். வலி தெரியாமல் தூக்குவீர்கள், வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு: முழங்கையின் வெளிப்பக்க வலிக்கு அந்த ஊசி சில வாரம் நன்றாகக் கேட்கும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போடாதவர்கள்தான் மேலான நிலையில் இருக்கிறார்கள்.

சில வலிக்கு நான் தேவையில்லை, நேரே ஆஸ்பத்திரி. தூக்கும்போது "டப்" என்று சத்தம் கேட்டு, முழங்கை மடிப்பில் இரத்தம் கட்டி, தசை மேலே உருண்டு நின்றால் நாண் அறுந்திருக்கலாம். அறுவை சிகிச்சை என்றால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வதே நல்லது. கடும் பயிற்சிக்குப் பிறகு கை விறைத்து வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கை முழுக்க வீங்கி நீலம் பாய்ந்தால் இரத்தக்குழாய் அடைப்பு இருக்கலாம். இடது கை வலியோடு நெஞ்சில் பாரமும் வியர்வையும் இருந்தால், வயது என்னவாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். விரல் மரத்துப்போவது கழுத்திலிருந்தும் வரும், அதையும் காட்டிவிடுங்கள்.

ஜிம் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பையன் செட் முடித்ததும் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றால், அடுத்த பிளேட்டை நீங்களே கழற்றுங்கள். நான் சொன்னால் அவன் கேட்க மூன்று மாதம் ஆகிறது. நீங்கள் சொன்னால் அன்றைக்கே கேட்பான்.

தம்பி இப்போது மூன்று கிலோவில் இருக்கிறார். கயிறு இன்னும் ஏற விடவில்லை. அம்மாவின் சுத்தியல் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கச் சொல்லியிருக்கிறேன், இறுக்கிப் பிடிக்கும் பலம் குறைவாகப் போதும். அடுத்த செவ்வாய் இருவரும் சேர்ந்தே வருகிறார்கள்.