ஜீவனாம்சம்: சொல்லும் அதன் உரிமைப் பொருளும்

"அவள் ஜீவனாம்சம் கேட்டுக் கேஸ் போட்டிருக்கிறாள்" என்று ஊரார் சொல்லும்போது, கேட்பவர் கையேந்துகிறார் என்ற எண்ணமும் பல வேளைகளில் அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. சொல்லின் பொருளைப் பிரித்துப் பார்த்தால் அந்த எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை.

இது வடமொழியிலிருந்து வந்த கூட்டுச்சொல். ஜீவனம் என்பது உயிர் வாழ்தல், பிழைப்பு; அம்சம் என்பது பங்கு. வாழ்வதற்குரிய பங்கு என்பதே நேர்ப்பொருள். கிரந்த எழுத்தைத் தவிர்ப்போர் சீவனாம்சம் என எழுதுவர். 'திட்டத்தின் முக்கிய அம்சம்' என்பது போன்ற இக்கால வழக்கில் அம்சம் என்பதற்குக் கூறு அல்லது சிறப்பு என்ற பொருளே முன்னிற்பதால், பங்கு என்னும் மூலப்பொருள் நம் காதில் விழாமல் போய்விட்டது. இதே வேரிலிருந்து வந்த ஜீவிதம் என்ற சொல், பணி செய்வோரின் பிழைப்புக்காக ஒதுக்கப்பட்ட நிலத்தைக் குறித்துச் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிறது.

பங்கு என்ற பொருள் வெறும் சொல்லாராய்ச்சியோடு முடிவதில்லை. இந்துக் கூட்டுக்குடும்பத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு, 1937ஆம் ஆண்டு இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வரும் வரை, பொதுவாகக் கணவனின் பங்கு கிடைக்கவில்லை. குடும்பச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை மட்டுமே இருந்தது. அதற்காக அவளிடம் விடப்பட்ட நிலத்தை அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது என்ற நிபந்தனையும் பெரும்பாலும் சேர்ந்தே வந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இந்நிலையை மாற்றியது. துளசம்மா என்ற பெண்ணின் வழக்கில் 1977இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் என்பது ஒருவர் இரங்கிக் கொடுக்கும் சலுகையாகாது, பெண்ணுக்கு முன்பே உள்ள உரிமை; ஆகவே அதற்கு ஈடாகத் தரப்பட்ட சொத்து அவளுக்கே முழு உரிமையாகிறது என்று விளக்கியது. 'அம்சம்' என்ற சொல்லில் தொடக்கத்திலிருந்தே இருந்த பொருளைத்தான் நீதிமன்றமும் கண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்ச் சொல் எது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. நாளிதழ்களிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் 'பராமரிப்புத் தொகை' பரவலாக வழங்குகிறது. ஆனால் பராமரிப்பும் வடமொழித் தொடர்புடைய சொல்லே. தோட்டத்தையும் இயந்திரத்தையும்கூட நாம் பராமரிப்பதால், உரிமை என்ற பொருள் அதில் இன்னும் மங்குகிறது. இலங்கைச் சட்டத் தமிழில் தாபரிப்பு என்பார்கள். அங்கே 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் தாபரிப்புச் சட்டம் என்றே அறியப்படுகிறது. பிழைப்பூதியம் என்பது, பணியிடை நீக்கத்தில் இருக்கும் அரசு ஊழியர் பெறும் தொகைக்கு உரிய சொல்லாகிவிட்டதால், அதை இங்கே கொண்டுவருவது குழப்பத்தையே தரும். பயணப்படி, அகவிலைப்படி என்ற வரிசையில் அமையும் 'வாழ்க்கைப்படி' எளிமையானது. அதையே நான் பரிந்துரைப்பேன். பங்கு என்ற பொருள் அதில் இல்லை என்ற குறை இருந்தாலும், மாதந்தோறும் தவறாமல் தர வேண்டியது என்ற பொருள் 'படி'யில் உறுதியாக நிற்கிறது.

பெயரைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. ஜீவனாம்ச மனு 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144ஆம் பிரிவு. குற்றவியல் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதால் கணவர் குற்றவாளியாக்கப்படுகிறார் என்று இரு குடும்பத்தாரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் இம்மனுவில் குற்றம் சாட்டப்பட்டவர் என்று எவரும் இல்லை; மனுதாரரும் எதிர்மனுதாரரும் மட்டுமே உள்ளனர். கணவரோ அவருடைய உறவினரோ இழைக்கும் கொடுமை முற்றிலும் வேறான குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவில் இருந்த அது, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியதாக உள்ளது. கொடுமைப் புகார் கொடுக்காத பெண்ணும் ஜீவனாம்சம் கோரலாம். புகார் கொடுத்தவர் அதன் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

தன்னைக் காத்துக்கொள்ள இயலாத மனைவி, மணவிலக்குக்குப் பின் மறுமணம் செய்துகொள்ளாத பெண், குழந்தைகள், பெற்றோர் ஆகியோர் எம்மதத்தினராயினும் இப்பிரிவின்கீழ் மனு செய்யலாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளின்படி கணவரும் மனைவியிடம் கோர முடியும் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். முன்பு 125ஆம் பிரிவில் மாதம் 500 ரூபாய் என்று இருந்த உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல், தொகை மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும், இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் நெறிப்படுத்தியது.

உத்தரவுக்குப் பின்னும் பணம் தராதவரைச் சிறைக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. அச்சிறைவாசம் பணத்தைச் செலுத்த வைப்பதற்கான வழி மட்டுமே என்பதால், உள்ளே இருந்து வெளியே வந்தாலும் நிலுவை அப்படியே நிற்கும் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் நிலுவையை வசூலிக்கும் மனுவை, தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். உத்தரவு கையில் இருக்கிறதே என்று காலம் கடத்திவிடக் கூடாது.