மலிவு எஞ்சினும் மைக்ரான் காற்றும்

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். பழைய சாமான் சந்தையில் வாங்கிய மாதிரி ரயில் ஷண்டிங் எஞ்சின் (யார்டில் பெட்டிகளை நகர்த்தும் சிறு எஞ்சின்) ஒன்றுக்குப் புதிதாகச் சாயம் பூசியிருக்கிறார். பக்கவாட்டில் எண்ணை ஒட்ட, நீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கால் என்ற அச்சிட்ட மெல்லிய படலத்தை வாங்கியிருக்கிறார். ஒட்டியபோது எண் எஞ்சினிலேயே அச்சிட்டதுபோல இருந்ததாம். விடிந்து பார்த்தால் எண்ணைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையாய் ஒரு படலம். "விலை உயர்ந்த டெக்கால்தான் வாங்கினேன். ஈரமாக இருக்கும்வரை இல்லாத வெள்ளை, காய்ந்ததும் எங்கிருந்து வந்தது?"

விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை இல்லை என்கிறாரே, அதுதான். ஆனால் அதை நேரே சொல்லிவிட்டால் சுவாரசியமான பகுதி தவறிவிடும்.

பிரிட்டனில் பரவலாக ஓடும் மாதிரி ரயில்கள் 1:76 அளவிலானவை, அதாவது உண்மையானதில் 76-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர், மின்சாரம் 12 வோல்ட். ஹார்ன்பி நிறுவனத்தின் ரெயில்ரோடு போன்ற மலிவு வரிசைகளில் வரும் குட்டி ஷண்டிங் எஞ்சின்கள் பெரும்பாலும் ஒருவர் வாங்கும் முதல் எஞ்சினாக இருக்கும். அதனாலேயே முதலில் கைவைக்கப்படுவதும் அவைதான். கெட்டுப்போனால் மனம் வலிக்காத விலை. தவிர, உண்மையான ஷண்டிங் எஞ்சின்கள் யார்டில் பெட்டிகளைப் பிரித்துக் கோத்தபடியே காலம் தள்ளுபவை; அடிபட்டு, அழுக்கேறி, ஒட்டுப்போட்ட சாயத்தோடு நிற்பவை. கொஞ்சம் பிசகினாலும் இயல்பாகத்தான் தெரியும்.

இந்த மலிவு எஞ்சின்களின் பெருங்குறை வேகம். பிரிட்டிஷ் ரயில்வேயின் புகழ்பெற்ற 08 வகை டீசல் ஷண்டர், 1952 முதல் 1962 வரை 996 கட்டப்பட்டது, மணிக்கு 15 மைலுக்கு மேல் ஓடத் தேவைப்படாத ஒன்று. அதை 76-ஆல் வகுத்தால் நொடிக்கு 9 சென்டிமீட்டர்கூட வராது. ஒரு மீட்டர் தண்டவாளத்தைக் கடக்கப் பதினோரு நொடி. மாறாக, உங்கள் மேசை எஞ்சின் அதே மீட்டரை இரண்டு நொடியில் கடந்தால், அளவுப்படி அது மணிக்கு 137 கிலோமீட்டர் வேகம். சரக்குப் பெட்டி தள்ளும் எஞ்சின் எக்ஸ்பிரஸ் வேகத்தில் பறக்கிறது. பற்சக்கர விகிதத்தை மாற்றலாம்; அல்லது மோட்டாருக்கு மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைப் போடலாம். சுழலி சிக்கி நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு துடிப்பும் அதை உந்திவிடும், அதனால் ஊர்ந்து போகும். இன்னொரு தொல்லை: விறைப்பான சட்டத்தில் பொருத்திய நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் தண்டவாளத்தைத் தொடுவது அரிது, மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும், நான்காவது அமைய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆகவே ஒரு பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தை நம்பித்தான் மின்சாரம் வருகிறது; அதன் அடியில் ஒரு தூசி வந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஓர் அச்சை மட்டும் நடுவில் ஊசலாட விட்டால் தீர்ந்தது. இவற்றைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இன்று சாயம்.

பழைய எண்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தேய்த்து எடுக்கலாம்; தெரியாத ஓரத்தில் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். அசிட்டோன் பக்கம் போகவே கூடாது, உடலின் பிளாஸ்டிக்கே இளகிவிடும். பிளாஸ்டிக்கில் வார்த்த கைப்பிடிகளைச் செதுக்கி எடுத்துவிட்டு 0.4 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி வைப்பது இந்தக் கலையின் அரிச்சுவடி. அளவுப்படி அது 30 மில்லிமீட்டர் குழாய், மனிதக் கை பிடிக்கக்கூடிய தடிமன். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி, கைபடாமல் காயவைத்துப் பிரைமர் என்ற அடிப்பூச்சு. தூரிகையால் அள்ளிப் பூசினால் அடுக்கு 0.1 மில்லிமீட்டர் வரை தடிக்கலாம். அது உண்மையான எஞ்சினில் ஏழரை மில்லிமீட்டர் சாயத்துக்குச் சமம். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் 20 மில்லிமீட்டர் தலை மாதிரியில் 0.26 மில்லிமீட்டர்தான் என்பதால், இரண்டு மூன்று தடித்த பூச்சில் ரிவெட்டுகள் புதைந்துபோகும். சாயத்தை மெல்லியதாகத் தெளிக்கும் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் பெருமைக்காக அதை வாங்கவில்லை.

ஷண்டர் என்றால் முன்னும் பின்னும் மஞ்சள் கறுப்புச் சாய்கோடுகள். யார்டில் தண்டவாளத்துக்கு நடுவே நடப்பவர்கள் கண்ணில் படவேண்டும் என்பதற்காகக் குளவி வயிற்றின் நிறங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இங்கேதான் முதல் எரிச்சல் தொடங்குகிறது. கறுப்பு ஒரே பூச்சில் மூடுகிறது. மஞ்சள் நான்கு பூச்சு ஆனாலும் அடியில் இருப்பதைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பள்ளியில் படித்த ஒளிவிலகல் எண்ணை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒளி ஒரு பொருளிலிருந்து வேறு எண் கொண்ட பொருளுக்குள் நுழையும் ஒவ்வோர் எல்லையிலும் அதன் ஒரு பகுதி திரும்புகிறது. எண்களுக்கிடையே வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு திரும்பும். வேறுபாடே இல்லையென்றால், ஒளியைப் பொறுத்தவரை அங்கே எல்லையே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: அடித்த கையோடு சுவர் மங்கலாக, பழைய கறையெல்லாம் தெரியும்படி இருக்கும், காயக் காயத்தான் பளிச்சென்று வெளுக்கும். சுண்ணாம்புத் துகளின் எண் ஏறக்குறைய 1.6, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. துகள்களுக்கிடையே நீர் இருக்கும்போது வேறுபாடு குறைவு, ஒளி ஊடுருவிப் போய்விடுகிறது. நீர் போய்க் காற்று புகுந்ததும் ஒவ்வொரு துகளும் ஒளியைச் சிதறடிக்கிறது. வெள்ளைக்குக் காரணம் சுண்ணாம்பு மட்டுமல்ல, அதன் நடுவே இருக்கும் காற்றும்தான்.

வெள்ளைச் சாயத்தில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடின் எண் 2.7. அதைச் சுமக்கும் பிசின் சுமார் 1.5. தட்டையான எல்லைக்குக் கணக்குப் போட்டால் ஒவ்வோர் எல்லையிலும் 8 சதவீத ஒளி திரும்புகிறது. இன்றைய மஞ்சள் நிறமிகளில் பல கரிமச் சேர்மங்கள். அவற்றின் எண் பிசினுக்கு வெகு அருகில். 1.65 என்று வைத்துக்கொண்டால் 0.23 சதவீதம்தான் தேறும். ஏறக்குறைய முப்பத்தாறு மடங்கு வித்தியாசம். நீல ஒளியை விழுங்கி மஞ்சளைத் தருவதில் அந்த நிறமிக்கு ஒரு குறையும் இல்லை. ஒளியைத் திருப்பி அனுப்பும் வலுதான் இல்லை. ஒரு காலத்தில் மஞ்சள் நன்றாகவே மூடியது, ஏனென்றால் அது ஈயக் குரோமேட், எண் 2.3-க்கு மேல். ஈயம் நஞ்சு என்பதால் அது ஒதுக்கப்பட்டது. அதற்காக யாரும் அழவேண்டாம். அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு கொடுத்தால் திருப்பி அனுப்பும் வேலையை அது பார்த்துக்கொள்ளும், மஞ்சள் வடிகட்டினால் போதும்.

கோடுகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியபின், கறுப்பைப் பூசும் முன் டேப்பின் ஓரத்தில் மறுபடியும் மஞ்சளையே ஒரு முறை தெளித்துவிடுங்கள். டேப்புக்கு அடியில் கசிவது கசியத்தான் செய்யும். கசிவது மஞ்சளாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

இனி டெக்கால். வாசகர் பூசிய சாயம் மேட் வகை, அதாவது மினுமினுப்பு இல்லாதது. மேட் பூச்சின் மேற்பரப்பை நுண்ணோக்கியில் வைத்தால் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உயரமுள்ள மேடுபள்ளங்கள். டெக்கால் என்பது தலைமுடியைவிட மெல்லிய ஒளிபுகும் படலம். அதன் ஒளிவிலகல் எண் 1.5-ஐ ஒட்டியது, அடியில் உள்ள சாயத்தின் பிசினும் அப்படியே. நீரோடு ஒட்டும்போது பள்ளங்களை நீர் நிரப்பியிருக்கிறது. 1.5, 1.33, 1.5 என்ற வரிசையில் எல்லைகள் ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாதவை. ஒவ்வொன்றிலும் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே ஒளி திரும்பும். வாசகர் ஒட்டிய எண், எஞ்சினில் அச்சிட்டதுபோல இருந்தது இதனால்தான்.

இரவில் நீர் ஆவியாகிறது. படலம் விறைப்பானது, மேட்டுக்கு மேடு பாலம்போல நிற்கிறதே தவிர, பள்ளத்துக்குள் வளைந்து இறங்குவதில்லை. நீர் விட்டுப்போன இடத்துக்குக் காற்று வருகிறது. இப்போது படலத்தின் அடிப்பக்கத்தில் 4 சதவீதம், சாயத்தின் மேல்பக்கத்தில் இன்னொரு 4 சதவீதம். மொத்தம் 8 சதவீத ஒளி, அதுவும் கரடுமுரடான பரப்பிலிருந்து எல்லாத் திசைகளிலும் சிதறி வருகிறது. மஞ்சள் கோட்டின் மேல் இந்த 8 சதவீதம் கண்ணில் படாது, மஞ்சளே அதைவிடப் பல மடங்கு ஒளியைத் திருப்புகிறது. கறுப்பின் மேலோ, பிரிட்டிஷ் ரயில்வேயின் அடர்பச்சையின் மேலோ, அதுவே பூதாகரமாகத் தெரியும். ஒரே தாளிலிருந்து எடுத்த இரண்டு டெக்கால்களில் ஒன்று அழகாகவும் இன்னொன்று அலங்கோலமாகவும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் உள்ள நிறம்தான், தாளைத் தயாரித்தவர் அல்ல.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் தீர்வு. முதல் தீர்வு எல்லாருக்கும் தெரிந்தது: டெக்கால் ஒட்டும் முன் பளபளப்பான வார்னிஷ் பூசிப் பள்ளங்களையே இல்லாமல் செய்துவிடுவது. இரண்டாவது, படலத்தை மென்மையாக்கும் திரவம். அதை டெக்கால் மேல் தடவியதும் ஓரிரு நிமிடங்களில் படலம் சுருக்கம் சுருக்கமாக எழும். பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். கை தானாக அதை நீவப் போகும். தொடாதீர்கள். தொட்டால் கிழியும். விட்டுவிட்டால் சுருக்கம் தானாக அடங்கி, படலம் ரிவெட் தலைகளின் மேல்கூட வார்த்து ஊற்றியதுபோல அமர்ந்துவிடும்.

யார் அதை இழுத்து அமர்த்தினார்கள்? விலகிப்போகும் அதே திரவம்தான். குறுகிய இடுக்கில் சிக்கிய நீர், தன் பரப்பு இழுவிசையால் இருபக்கச் சுவர்களையும் உள்நோக்கி இழுக்கிறது. இடுக்கு எவ்வளவு குறுகலோ இழுப்பு அவ்வளவு வலிது. ஒரு மைக்ரான் இடுக்கில் தூய நீருக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1.4 வளிமண்டல அழுத்தம் வருகிறது. பசையும் கரைப்பானும் கலந்த திரவத்துக்கு இழுவிசை குறையும் என்றாலும், வளிமண்டலத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு அது. விறைப்பான படலம் இந்த இழுப்புக்கு வளையாமல் நின்றது; இளகிய படலத்தால் நிற்க முடியவில்லை. நீர் ஆவியாகிக்கொண்டே போகும்போது, போகிற போக்கில் படலத்தைப் பள்ளத்துக்குள் இழுத்து வைத்துவிட்டுப் போகிறது. வாசகர் செய்யவேண்டியதும் இதுதான்: வெளுத்த இடத்தில் கூரான ஊசியால் சில துளைகள், அவற்றின் மேல் அந்தத் திரவம், காய்ந்ததும் மறுபடியும் ஒரு முறை. மேலே எத்தனை வார்னிஷ் பூசினாலும் பயனில்லை, காற்று அடியில் அல்லவா இருக்கிறது.

ஒளிவிலகல் எண்கள் பொருந்தினால் எல்லை மறையும் என்பதை வைத்து டென்மார்க்கின் இயற்பியலாளர் கிறிஸ்டியான்சென் 1884-இல் ஓர் அழகான சோதனை செய்து காட்டினார். கண்ணாடித் தூளை ஒரு திரவக் கலவையில் போட்டார். திரவத்தின் எண் எந்த ஒரு நிறத்துக்குக் கண்ணாடியோடு பொருந்துகிறதோ, அந்த நிறம் மட்டும் நேராக ஊடுருவி வரும், மற்றவை சிதறும். வெப்பநிலையை மாற்றினால் நிறமும் மாறும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், நோபல் பரிசு வாங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்த பிறகு, 1949-இல் இந்தச் சோதனையின் கோட்பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரு குப்பி, கொஞ்சம் கண்ணாடித் தூள். இன்று இதையே ஓர் இளம் ஆய்வாளர் நிதிக்குழுவின் முன் வைத்தால், 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழிப்பார். சாயம், பூச்சு, தூள் போன்றவை மங்கலான துறைகளாகக் கருதப்படுவது எனக்குப் புரிந்ததே இல்லை. வீட்டுச் சுவர் முதல் மாத்திரையின் மேலுறை வரை நாம் தொடும் பொருள்களில் பெரும்பாலானவற்றின் வெளிப்பரப்பு அதுதானே.

கடைசி அடுக்கு மேட் வார்னிஷ். அதில் கலந்திருப்பது நுண்ணிய சிலிக்கா, எண் 1.46. பிசினோடு கிட்டத்தட்டப் பொருந்துவதால் உள்ளே இருக்கும் துகள்கள் மறைந்துபோகின்றன. மேலே தலைநீட்டுபவை மட்டும் பரப்பைக் கரடாக்கி மினுமினுப்பைக் குலைக்கின்றன. நல்ல தேர்வு. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: பளபளப்பான கறுப்பில் மேற்பரப்பின் 4 சதவீத ஒளி ஒரே திசையில் போய்விடும், சற்றுத் தலையைத் திருப்பினால் ஆழ்ந்த கறுப்பைக் காணலாம். மேட் கறுப்பில் அதே 4 சதவீதம் எல்லாப் பக்கமும் வருவதால், எங்கிருந்து பார்த்தாலும் அடர்சாம்பல்தான். ஈரப்பதம் மிகுந்த நாளில் பூசினால் இன்னும் மோசம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் நுண்துளிகளாகப் படலத்துக்குள் சிக்கும். துளி போனபின் மிஞ்சும் வெற்றிடங்கள் பால்போல வெளுக்கும். சென்னையில் நவம்பர் மாதமும், இங்கிலாந்தில் சூடாக்கப்படாத கார் கொட்டகையும் இதற்கு ஏற்ற சூழல்கள்.

உழைத்த எஞ்சின்போலக் காட்ட விரும்புபவர்கள் இதையே திருப்பிப் பயன்படுத்தலாம். டீசல் டாங்கின் வாய்க்குக் கீழே எண்ணெய் வழிந்த கறை வேண்டுமா? கறுப்புச் சாயம் எதையும் தேட வேண்டாம். மேட் பூச்சின் மேல் அந்த இடத்தில் மட்டும், நுனி மெல்லிய தூரிகையால் நிறமற்ற பளபளப்பு வார்னிஷை மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்தால் போதும். பள்ளங்கள் நிரம்பி, அந்த ஒரு கோடு மட்டும் சுற்றியிருப்பதைவிடக் கறுத்து, ஈரமாகத் தெரியும். உண்மை எஞ்சினில் டீசல் செய்வதும் அதுவேதான்.